கவசப் பெட்டியோடு நான்கு ஆண்டுகள்

வைஃபை, புளூடூத் மின்சுற்றுப் பலகைகள் எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை பிடிக்கின்றன என்று அளப்பது என் வேலையின் ஒரு பகுதி. சுற்றிலும் வேறு ரேடியோ அலைகளின் இரைச்சல் இருந்தால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. அதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் வெளி அலைகளைத் தடுக்கும், மேசைமேல் வைக்கும் அலுமினியக் கவசப் பெட்டி ஒன்றை வாங்கினேன். 1 கிகாஹெர்ட்ஸில் 80 டெசிபல் தடுக்கும் என்றது விவரத்தாள். அதாவது வெளியே உள்ள மின்புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். பொய்யில்லை. ஆனால் அது ஒரு கேபிள்கூட நுழையாத புதுப் பெட்டியின் கணக்கு.

முதல் மாதமே அதை நானே கெடுத்தேன். பலகைக்கு மின்சாரம் தர 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு ஒயரை உள்ளே விட்டேன். இவ்வளவு சிறிய துளை மட்டும் இருந்திருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதன் வழியே ஒயர் போனதுதான் வினை. வெளியே உள்ள பாதி ஆன்டெனாவாகச் சிக்னலை வாங்குகிறது, உள்ளே உள்ள பாதி அதைப் பரப்புகிறது. பெட்டியே இல்லாததுபோல் ஆகிவிட்டது. பிறகு அந்த இடத்தில் சுவரோடு திருகும் ஃபில்டர் இணைப்பியைப் பொருத்தினேன்; அது மின்சாரத்தை விட்டு, ரேடியோ சிக்னலைத் தடுக்கும். தரவுக்கு ஒளியிழைக்கு மாறினேன். ஒளியிழையில் உலோகம் இல்லாததால் அதை ஒரு சன்னமான பித்தளைக் குழாய் வழியாக உள்ளே விடலாம். குழாயின் நீளம் விட்டத்தைப் போல மூன்று மடங்கு இருந்தாலே, அதற்குள் நுழைய முடியாத அளவு நீண்ட அலைகள் 90 டெசிபலுக்கு மேல் அடங்கிவிடும்.

இரண்டாண்டுகள் தொல்லையில்லை. மூன்றாம் ஆண்டில் அளவீடுகள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆடத் தொடங்கின. பலகையைச் சந்தேகித்தேன், மென்பொருளைச் சந்தேகித்தேன், இரண்டு வாரம் போனது. குற்றவாளி கதவு. கதவைச் சுற்றி பெரிலியம் செம்பு விரல் பட்டை, அதாவது சீப்புப் பற்கள்போல் மெல்லிய விரல்கள் வரிசையாக உள்ள உலோகப் பட்டை இருக்கும். வில்போல் அழுந்தி, கதவையும் சட்டத்தையும் மின்சாரரீதியாக இணைப்பது அதுதான். கீழ் மூலையில் அடுத்தடுத்த விரல்கள் முறிந்து ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்குத் தொடர்பே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் 6.25 சென்டிமீட்டர். தலைமுடி அளவு அகலமே உள்ள பிளவு, சரியாக அந்த அலைக்கென்றே வெட்டிய ஆன்டெனாவாக மாறியிருந்தது! பிளவின் அகலத்தைவிட நீளமே முக்கியம் என்று படித்திருக்கிறேன். படித்தது உறைக்க இரண்டு வாரம் தேவைப்பட்டது.

விரல்களை முறித்ததும் நான்தான். துணியால் துடைத்தபோது நூல் சிக்கி இழுத்திருக்கிறது. இப்போது ஆல்கஹால் தோய்த்த மென்மையான தூரிகை மட்டும்தான். விரல்கள் வந்து தொடும் சட்டத்தில் பெயின்ட்டோ அனோடைஸ் பூச்சோ (அலுமினியத்தின் மேல் உருவாக்கும் ஆக்சைடு படலம்) இருக்கக் கூடாது. இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை.

பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க உள்ளே கைபேசியை வைத்து அழைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. டவர் அருகில் இருந்தால் நல்ல பெட்டிக்குள்ளும் மணி அடிக்கலாம். தொலைவில் இருந்தால் ஓட்டைப் பெட்டியும் தேறிவிடும். நான் மாதம் ஒருமுறை சிக்னல் பரப்பும் சிறிய கருவி ஒன்றை உள்ளே வைத்து, வெளியே அதன் வலிமையை ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற அளவீட்டுக் கருவியில் கதவு திறந்தபோதும் மூடியபோதும் அளந்து, வித்தியாசத்தைக் குறித்துவைக்கிறேன். முறையான ஆய்வக அளவீடு அல்ல, ஆனால் சரிவைக் காட்டிக்கொடுக்கும்.

குறைகளும் உண்டு. உள்ளே அலைகளை உறிஞ்சும் நுரை ஒட்டாவிட்டால் அலைகள் சுவர்களில் எதிரொலித்து, பலகையை ஒரு விரற்கடை நகர்த்தினாலே எண் மாறுகிறது. நுரையைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை 2 மில்லிமீட்டர் அலுமினியம் சட்டைசெய்வதே இல்லை. காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூமெட்டல் என்ற உலோகக் கலவையை வாங்குவதற்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மரை அறையின் மறுமூலைக்கு நகர்த்தினேன், தீர்ந்தது.

மறுபடி வாங்கினால் இன்னொரு 20 டெசிபலுக்காகக் கூடுதல் பணம் தர மாட்டேன். விரல் பட்டையைக் கழற்றி மாற்ற முடியுமா, உதிரிப் பட்டை கிடைக்குமா என்று கேட்பேன். என் பெட்டியில் அது பற்றவைக்கப்பட்டிருந்தது. மாற்ற ஒரு நாள் முழுவதும் போனது.