கீழக்கரை காட்டன் நைட்டி கடை: ராத்திரி வேர்க்குதுன்னா போய்ப் பாருங்க

சந்துக்குள்ள இருக்குற சின்ன கடைதான், போர்டு கூட மங்கிப்போச்சு. பீரியட்ஸ் நிக்கிற வயசுல ராத்திரி திடீர்னு நெஞ்சுலேருந்து மூஞ்சி வரைக்கும் சூடு ஏறி, நனைஞ்சு போய் எந்திரிக்கிறோம்ல, நம்ம கடக்கரை புழுக்கத்துல பாலியஸ்டர் போட்டா ஒடம்போட ஒட்டிக்கும், இங்க வாங்குன சுத்த காட்டன் வேர்வைய உறிஞ்சிக்கிது, கழுத்து அகலம், ஜிப்பு இல்லாம ரெண்டே பட்டன், தூக்கக் கலக்கத்துலயும் டக்குன்னு மாத்திரலாம். மொத தண்ணியில சாயம் போகுது, தனியா ஊற வைங்க.

கடைக்கார லாத்தா கூச்சப்படாம பேசுறாங்க, அவங்களுக்கும் இதே பாடுதானாம். "12 மாசம் நின்னப்புறம் திரும்ப ரத்தம் பட்டா சும்மா இருந்துறாத புள்ள, டாக்டர்ட்ட காட்டிரு"ன்னாங்க, கரெக்ட்டான பேச்சு (நம்மள்ல எத்தன பேரு மறைச்சே வைக்கிறோம்). வெல கொஞ்சம் கூடத்தான், பேரம் பேசுனா எறங்க மாட்டாங்க. டபுள் எக்ஸெல் சீக்கிரம் தீந்துருது.