நிதி திரட்டித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்: எங்கள் 48,500 ரூபாய் போன கதை

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பெயரைப் போட்டால் நம் மேலேயே வழக்குப் போடுவார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள், அதனால் போடவில்லை. வைத்தியச் செலவு, படிப்புச் செலவு என்று இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தரும் நிறுவனம் ஒன்று. போன பணம் 48,500 ரூபாய்.

சென்னிமலைப் பக்கம் ஓடாமல் கிடந்த ஒரு தறிக்குடோனைப் பிடித்து, மாற்றுத்திறனாளிகளுக்கு ஜிம் வைக்க நினைத்தோம். ஊரில் இல்லாத ஜிம்மா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பாதி மாடியில். கீழே இருப்பதிலும் மெஷினோடு சீட்டு இறுகிக் கிடக்கும், வீல்சேரிலிருந்து எப்படி ஏறுவது? தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர், போலியோ வந்தவர், பைக் விபத்தில் கால் போனவர் என்று எங்கள் குழு. வீல்சேர் தள்ளித் தள்ளிப் பலருக்குத் தோள்பட்டை போய்விட்டது. சீட்டை ஒதுக்கிவிட்டு வீல்சேரோடு நுழைகிற மல்டி ஜிம், கையால் சுற்றுகிற சைக்கிள், வாசலில் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளக் கணக்கில் சாய்தளம். இதற்குத்தான் நிதி.

அந்த நிறுவனத்து ஆள் நேரிலேயே வந்தார். டீயைக்கூடக் குடிக்காமல் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நேராகப் பின்னால் போய்க் கழிவறைக் கதவை அளந்தார். "26 இன்ச்சுதான் இருக்குதுங்ணா. வீல்சேர் போகாது. இதையும் எஸ்டிமேட்ல சேர்த்துக்கோணும்" என்றார். நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. கட்டடம் கட்டுகிறவர்களே நினைத்துப் பார்க்காத கதவை ஒருத்தர் தானாக அளந்தால் நம்பாமல் என்ன செய்வது? அந்த டேப் எத்தனை ஊர்க் கதவை அளந்ததோ!

"இணையத்துல நிதி கேட்கற பக்கம் தொடங்கக் காசு வேண்டாங்ணா. வீடியோவுக்கும் விளம்பரத்துக்கும்தான் பேக்கேஜ். ரெண்டு மாசத்துல 12 லட்சம் வந்துருமுங்க, வரலீன்னா பணம் ரிட்டர்ன்." ஓர் அக்கா தையல் மெஷினுக்குச் சேர்த்து வைத்தது, இன்னொருவர் சீட்டு எடுத்தது, மீதி கைமாற்று. 48,500 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பினோம்.

வீடியோ வந்தது. டம்பிள்ஸ் தூக்கிக் காட்டியதையெல்லாம் வெட்டிவிட்டு, எங்களில் ஒருவர் தரையில் நகர்ந்து வருவதை மட்டும் அழுகை இசையோடு மெதுவாக ஓட விட்டிருந்தார்கள். கேட்டால், "அழுதாத்தானுங்க பணம் வரும்." வந்தது 3,150 ரூபாய், அதுவும் எங்கள் மாமன் மச்சான்கள் போட்டது. அதிலும் கமிஷன் பிடித்தார்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீது உண்டு என்றும் அந்தப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த ஒப்புதலே கிடையாது. கோயமுத்தூர் மச்சான் ரசீது எங்கே என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "மேனேஜர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறனுங்ணா." அப்புறம் போனே எடுக்கவில்லை. கஸ்டமர் கேரில், "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார், ஏழு வேலை நாட்கள்." ஏழு போய், "அவர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை, வாய்வார்த்தைக்கு நிறுவனம் பொறுப்பல்ல." எந்த விளம்பரம், எங்கே ஓடியது, எவ்வளவு செலவு என்று கணக்குக் கேட்டேன். "சேவை வழங்கப்பட்டுவிட்டது, கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று மெயில். இதன் நடுவில் அதே நிறுவனத்திலிருந்து வேறொரு குரல், எதுவும் தெரியாமல்: "இன்னும் 15,000 கட்டினீங்கன்னா விளம்பரத்தை மறுபடி ஓட்டலாங்க சார்." போனை வைத்துவிட்டேன். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

என்ன செய்யலாம் என்று விவரமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நிதி வருவதற்கு முன்னால் உங்களிடமே காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 'ரிட்டர்ன்' என்று சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். வீடியோவை நீங்கள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் போட விடாதீர்கள். 80ஜி ஒப்புதல் பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு இருக்க வேண்டும், பக்கத்தில் எழுதிவிட்டால் வந்துவிடாது. சுத்த மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. சேவைக் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே ஆன்லைனில் போடலாம்.

48,500 ரூபாய்க்கு ஈரோட்டில் மனு தயாராகிறது. இன்ச் டேப்போடு ஒருவர் உங்கள் ஊருக்கும் வந்திருந்தால், ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.