பனிமலை ஷூவும் வேலூர் வெயிலும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பனியில் நடப்பதற்கான சாமான்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவை பனியில் எப்படி உழைக்கின்றன என்றுதான் சொல்கிறார்கள். வருடத்தில் ஒரு வாரம் பனியிலும் மிச்ச நாளெல்லாம் வேலூர் வெக்கையிலும் கிடக்கும் ஷூ என்ன ஆகும்? நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் முக்கியம்.

நான் போவது உத்தராகண்ட் பக்கம். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அங்கிருந்து டேராடூன், பிறகு சாங்க்ரி. சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்கந்தா சிகரத்துக்கு அங்கிருந்துதான் நடை தொடங்கும்.

என்னுடையது கணுக்காலை மூடும் தோல் ஷூ. பனியில் ஒரு குறையும் வைக்கவில்லை. முழங்கால் அளவு பனியில் நடந்த நாளிலும் சாக்ஸ் நனையவில்லை. ஆனால் சில கோடைகள் கழித்துப் பரணிலிருந்து இறக்கியபோது, அடிப்பாகம் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மாமா அதை வாங்கி அமுக்கிப் பார்த்தார். "பி.யூ. சோல் மாப்ளே. போட்டாலும் போடாட்டியும் காத்துல இருக்கற ஈரமே அதைத் தின்னுடும். வெக்கையில மூடி வெச்சா இன்னும் சீக்கிரம்" என்றார். அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. பி.யூ. எனப்படும் பாலியூரித்தேனின் பிணைப்புகளை ஈரப்பதம் அறுக்கிறது, வெப்பம் அந்த வேகத்தைக் கூட்டுகிறது. இ.வி.ஏ. என்ற வேறொரு நுரைப்பொருளில் செய்த சோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேல்தோல் திடமாக இருந்ததால் மாமாவே ஆம்பூரில் புது சோல் போட்டுத் தந்தார். தோல் தொழில் தெரிந்த கைகள் இத்தனை பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய கொடுப்பினை.

இப்போது ஷூவைப் பெட்டியில் பூட்டுவதில்லை. ஏலகிரி சுவாமிமலைக்கும் பர்வதமலைக்கும் அதையே போட்டுப் போகிறேன். சோலில் கீறலோ பிசுபிசுப்போ இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பனிக்கு நடுவே சோல் கழன்றால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்தது மைக்ரோஸ்பைக். ஷூவுக்கு மேலே மாட்டும் ரப்பர் பட்டை, அடியில் சங்கிலியும் எஃகுப் பற்களும். விடியற்காலையில் பலர் மிதித்து இறுகிய பாதையில், அதுவும் இறங்கும்போது, இது இல்லாமல் கால் வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வெறும் பாறை வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் மழுங்கும். மதியம் இளகிய பனி அடியில் கட்டியாக ஒட்டும். கோலால் தட்டிவிட்டால் போதும். வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து, வெயில் படாத நிழலில் மாட்டிவைக்கிறேன். வெயிலில் கிடந்தால் ரப்பர் வெடிக்கும்.

பறவையின் மெல்லிய இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டைப் பையில் திணித்து வைத்தால் உள்ளிருக்கும் இறகு அமுங்கி, சூடு பிடிக்கும் தன்மை குறைந்துவிடும். ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மார்கழி விடியலில்கூட வேலூரில் அதைப் போட்டால் வியர்க்கிறது. மலையிலும் ஏறும்போது கழற்றிவிட்டு, நிற்கும்போது மட்டும் போடுங்கள். வியர்வையில் நனைந்த உடைதான் பிறகு நடுக்கத்தைக் கொண்டுவரும். பருத்தி பனியன் அறவே வேண்டாம்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும் என்பதால் மூடிப்பக்கம் அடைக்காது.

காசு குறைவென்றால் ஷூவை மட்டும் சொந்தமாக வாங்கிப் பழக்குங்கள். ஷூவுக்குள் பனி புகாமல் காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர், கோல், ஸ்பைக் எல்லாம் சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஸ்பைக்கை வாங்கும்போது ரப்பரை இழுத்துப் பார்த்து, உங்கள் ஷூவில் மாட்டிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.