நுங்குத் தோல் மாதிரி ஒரு உறை: வண்ணார்பேட்டை கருத்தரிப்பு மைய அனுபவம்

அம்பாசமுத்திரத்துல இருந்து ஏழு மாசம் பஸ்ல போய் வந்தேன். மையத்தோட பேரு வேண்டாம், அங்க கிடைச்ச கவனிப்பை மட்டும் சொல்லுதேன்.

ஆய்வகத்து அக்கா என் முட்டையைத் திரையில காட்டினாங்க. நடுவுல மங்கலா ஒரு உருண்டை, சுத்தி கண்ணாடி மாதிரி தடிச்ச வளையம். இளநுங்கை ஒட்டி இருக்குமே தோல், அதுதான் ஞாபகம் வந்துச்சு. "இதுதாம்மா ஜோனா பெலுசிடா. மனுஷ முட்டையில 4 வகைப் புரதம் சேர்ந்து இந்த உறை ஆகுது"ன்னாங்க. முட்டையே ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதானாம்! ஒரு விந்தணு உள்ள போனதும் முட்டை ஓரத்துத் துகள்கள்ல இருந்து நொதி வெளிய வந்து, உறை இறுகிரும்; அடுத்தது நுழைய முடியாது. கருவும் அஞ்சாறு நாள் அதுக்குள்ள பத்திரமா வளந்து, உறையை விட்டு வெளிய வந்தாத்தான் கர்ப்பப்பையில ஒட்டும்.

முன்னால போன வேற இடத்துல, உறையை லேசர்ல திறக்கணும்னு ஒரு வார்த்தை விளக்காமப் பில்லுல சேர்த்துட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். இங்க நானே கேட்டும், "எல்லாருக்கும் அது தேவைப்படாதும்மா, உங்க உறை நல்லாத்தான் இருக்கு"ன்னு நிறுத்திட்டாங்க.

காத்திருப்பு மட்டும் ரொம்ப. காலையில போனா மதியம் ரெண்டு மணி ஆயிரும். தூரத்துல இருந்து வாறவங்க சாப்பாடு கட்டிட்டு வாங்க.

அந்த முட்டைப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தாங்க. மருத்துவ ஃபைல்ல முதல் பக்கமா வச்சிருக்கேன்.