மேலூர் செய்திப் பயிற்சி வகுப்பு: போய் வந்தவள் சொல்கிறேன்

மேலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில், சனி ஞாயிறுகளில் கிராமத்து ஆட்களுக்குச் செய்தி சேகரிக்கவும் போனில் வீடியோ எடுக்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடத்துவது பெரிய தொண்டு நிறுவனம் இல்லை. இந்தப் பக்கத்து இளைஞர்கள் கொஞ்சப் பேரும், பத்திரிகை வேலையை விட்டு வந்த ஒரு நிருபரும் சேர்ந்த சின்னக் குழு. கட்டணம் 200 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே. எங்கள் மகளிர் குழுவிலிருந்து சிலர் போய் முடித்துவிட்டோம். போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: கட்டாயம் போங்கள். குறையும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதல் நாள் போனைத் தொடவே விடவில்லை. ஒரு ஊர்த் தகராறு பற்றிய பழைய செய்தியை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். போலீஸ் சொன்ன வரிகளுக்குச் சிவப்புக் கோடு, அடிபட்டவர் சொன்ன வரிகளுக்குப் பச்சைக் கோடு போட வேண்டும். என் தாளில் பச்சையே விழவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்ன சொன்னார் என்று அதில் ஒரு சொல் இல்லை. "அக்கா, இதை எழுதினவர் முதலில் யாருக்குப் போன் போட்டிருப்பார்?" என்று வகுப்பெடுத்த பெண் கேட்டாள். ஸ்டேஷனுக்குத்தான் என்று எல்லோருமே சொன்னோம். அப்புறம் அதே செய்தியை, அடிபட்டவரிடமிருந்து தொடங்கி எங்களையே எழுதச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், கொடுத்த 200 ரூபாயும் இந்த ஒரு பாடத்துக்கே தகும்.

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியம் அதிகம். 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரைப் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் தலைவரானதுதான் காரணம். அந்த மாதிரிச் சேதியை யார் எழுதுகிறார்கள், யாரிடம் கேட்டு எழுதுகிறார்கள் என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. வகுப்பில் ஒரு கணக்கைக் காட்டினார்கள். ஆங்கில, இந்தி ஊடகங்களை வைத்து ஆக்ஸ்பாம் இந்தியா என்ற தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி என்ற செய்தித் தளமும் 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் கையில் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. நம் தமிழ்ப் பத்திரிகைகளிடமும் டிவிக்களிடமும் வாசகர்கள் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

வீடியோ வகுப்புக்கு மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொண்டார்கள். 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். கிராம சபைத் தீர்மானங்கள், 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய பேரணி, ஜனவரி 23இல் ஏலம் ரத்தான அறிவிப்பு என்று தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் யாரிடம் பேட்டி எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பேரணியில் நடந்த ஒரு அம்மாவே வகுப்பில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பேசவிட்டு மற்றவர்கள் படம் பிடித்தோம். எடுத்த வீடியோவை வெட்டாமல் ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப் பாடமும் நன்றாகவே இருந்தது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் மேல்முறையீடு. இதையெல்லாம் எங்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையை வைத்தே மனுவாக எழுத வைத்தார்கள். அந்த மனுவை அப்படியே அனுப்பியும் விட்டோம்.

ஊர்மக்களே நடத்தும் சின்ன வானொலியான சமுதாய வானொலி பற்றிய பகுதிதான் ஏமாற்றம். அலைவரிசை மக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். தொண்டு அமைப்புகளும் நிலையம் தொடங்கலாம் என்று வழி திறந்தது 2006இல். தெலங்கானாவில் மாச்சனூர் கிராமத்தில் தலித் பெண்கள் 2008 முதல் சங்கம் ரேடியோ நடத்துகிறார்கள். ஆனால் சமுதாய வானொலி இன்றுவரை சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, அகில இந்திய வானொலிச் செய்தியைத்தான் அப்படியே தரலாம். இத்தனை பெரிய விஷயத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் அவசரமாக முடித்துவிட்டார்கள். எங்கள் குழுப் பெண்கள் அதிகம் கேள்வி கேட்டது இதைப் பற்றித்தான்.

இன்னொன்று, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் பெயரையோ முகத்தையோ வெளியிடக்கூடாது என்ற சட்டத்தைக் கடைசி நாளில் சொன்னார்கள். போனைக் கையில் எடுக்கும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு எடுத்த வீடியோவே ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிடும்.

பெரிய குறை, வகுப்பு முடிந்த பிறகு துணைக்கு ஆள் இல்லை. ஊருக்குள் ஒரு வீடியோ போட்டால் மிரட்டல் வரும். அப்போது யாரைக் கூப்பிடுவது? ஒரு வக்கீல் நம்பராவது கொடுங்கள் என்று கேட்டோம். ஏற்பாடு செய்கிறோம் என்றிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. இதைச் செய்யாமல் அடுத்த குழுவைச் சேர்க்கக் கூடாது என்று அவர்களிடமே சொல்லிவிட்டேன்.

கழிப்பறை கீழ்த்தளத்தில், சுத்தமாகத்தான் இருக்கிறது. காலை ஒன்பதரைக்குத் தொடங்குவதால் வீட்டு வேலை முடித்து வரும் பெண்களுக்குச் சிரமம், பத்தரை ஆக்கினால் நல்லது. போகிறவர்கள் ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பேராகப் போங்கள். போனில் இடம் காலி செய்து, சார்ஜரும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிளக் பாயிண்ட் இரண்டுதான் இருக்கிறது.