ஒரே பொருளில் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஸோட்டேரோ: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே மாதக்கணக்கில் படிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு, நூற்பட்டியல் போடுவது எளிது என்பதும் அதைப் பாதியில் கைவிடாமல் இருப்பதே கடினம் என்பதும் தெரிந்திருக்கும். கடல் என்ற பொருளை நான் எடுத்தபோது, படித்த நூல்களை எண்ணிக் காட்டும் ஒரு செயலியில்தான் தொடங்கினேன். ஆண்டு இலக்கை அது நாள்தோறும் நினைவூட்டியதால், தடித்த நூல்களை ஒதுக்கிவிட்டு மெலிந்த நூல்களாகத் தேடிப் படிக்கலானேன். மூன்று மாதங்களில் எண்ணிக்கை நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் எந்தக் கேள்விகளுக்காகக் கடலைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேனோ, அவற்றில் ஒன்றுக்கும் விடை கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் ஸோட்டேரோவுக்கு மாறினேன்.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆய்வேடு எழுதுபவர்களின் மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்துவதற்காக உருவானது என்பதால், சொந்த ஆர்வத்துக்காகப் படிக்கும் வாசகர்கள் இதன் பக்கம் வருவது குறைவு. அவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்பது என் கருத்து.

முதற்காரணம், ஒரு நூலைப் படியெடுக்காமலேயே எத்தனை தொகுப்புகளில் வேண்டுமானாலும் அதை வைக்க முடியும் என்பது. நாவல், வரலாறு, அறிவியல் என்று வகைவாரியாகத்தான் நான் முதலில் பிரித்திருந்தேன்; அந்தப் பிரிவினை எதையும் சொல்லித் தரவில்லை. பிறகு ‘கடல்’ என்ற தாய்த்தொகுப்பின் கீழ், காத்திருப்பு, உப்பு, வலைத்தொழில், கப்பல் வழிகள் என்று கேள்விகளின் பெயரில் உட்தொகுப்புகளை அமைத்தேன். ஒரு மாலுமியின் நாட்குறிப்பு காத்திருப்பிலும் கப்பல் வழிகளிலும் ஒருசேர இடம்பெற்றபோதுதான், அதை எதற்காகப் படிக்கிறேன் என்பதே எனக்குத் தெளிவாகியது.

இரண்டாவது, ஒரு பதிவையோ குறிப்பையோ இன்னொன்றோடு இணைத்து வைக்கும் ‘தொடர்புடையவை’ என்ற பகுதி. இதன் அருமையை உணர்த்தியது அகநானூறு. அந்தத் தொகைநூலில் 10, 20, 30 எனப் பத்தின் மடங்காக வரும் 40 பாடல்களும் நெய்தல் திணைக்குரியவை என்பதால், கடலைத் தேடிப் போகிறவர் 400 பாடல்களையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. (திணைவாரியான வாசிப்புக்குத் தொகுத்தவர்களே வழி செய்து வைத்திருக்கிறார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.) நூலுக்கு ஒரு பதிவும், அதன்கீழ் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு குறிப்புமாக எழுதிக்கொண்டு வந்தேன். 140ஆம் பாடலில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு ஈடாக உப்பைக் கூவி விற்கிறாள். 390ஆம் பாடலிலும் நெல்லும் உப்பும் சம அளவு என்ற அதே கூவல் வருகிறது. இரண்டுமே அம்மூவனார் பாடியவை. இடையே 250 எண்கள் இருந்ததாலும், இரண்டையும் வெவ்வேறு மாதங்களில் படித்ததாலும், நினைவை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஒற்றுமை என் கண்ணில் பட்டிருக்காது. ‘உப்பு’ என்ற குறிச்சொல்லைச் சொடுக்கியதும் இரண்டு குறிப்புகளும் அடுத்தடுத்து வந்து நின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, பண்டமாற்றைப் பற்றிய ஒரு பொருளியல் நூலின் அத்தியாயக் குறிப்போடும் இணைத்தேன். ஒரே பொருளில் படிப்பதன் பயனை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

மின்னூல் படிப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎப் கோப்புகளையும், 2024இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவக் கோப்புகளையும் உள்ளேயே திறந்து வரிகளை வண்ணமிட்டுக் குறிக்க முடிகிறது. குறித்த வரிகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் குறிப்பாகத் திரட்டிவிடலாம்; அந்தக் குறிப்பிலிருந்து மூலப் பக்கத்துக்கே திரும்பவும் செல்லலாம். குறிச்சொற்களுக்கு வண்ணம் தரும் வசதியும் இருக்கிறது. ‘அடுத்து’, ‘பாதியில்’, ‘மறுவாசிப்பு’ என்ற மூன்று வண்ணங்களே எனக்குப் போதுமாயிருக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். எந்த நூலை எப்போது படித்து முடிப்பது என்ற கால அட்டவணை இதில் இல்லை. தேதி வைத்துப் படிப்பவர்கள் நாட்காட்டியைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். நூலுக்குரிய அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை இட்டால் நூல் விவரங்கள் தாமாகவே நிரம்பும் என்றாலும், பல நூலகப் பட்டியல்கள் தமிழ் நூல்களின் பெயர்களை உரோமன் எழுத்தில் வைத்திருப்பதால், அவற்றைக் கையால் திருத்த நேரிடுகிறது. நூலுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஆனால் தலைப்பைத் தமிழில் பார்க்கும்போதுதான் அது என் அலமாரியாகத் தோன்றுகிறது, ஆகவே அந்த நேரம் எனக்குப் பொருட்டல்ல. கோப்புகளை இணையத்தில் சேமிக்கக் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் 300 எம்பி மட்டுமே. ஒளிவருடிய பழைய நூல்களைச் சேர்த்தால் அது விரைவில் நிரம்பிவிடும். அவற்றைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, குறிப்புகளை மட்டும் ஒத்திசைப்பது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு நூல்களுக்கு மேல் முதலிலேயே சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு நூலின் அடிக்குறிப்பும் அடுத்த நூலைக் காட்டிக்கொண்டே போகும். என் திட்டத்தில், துணைக்கேள்வியாகத் தொடங்கிய ‘உப்பு’ மற்ற உட்தொகுப்புகளைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டதால், சென்ற வாரம் அதைக் கடலின் கீழிருந்து வெளியே இழுத்துத் தனித் திட்டமாக வைத்தேன். நூல்களும் குறிப்புகளும் இணைப்புகளும் ஒன்றுகூடக் கலையாமல் உடன் வந்தன.