கடற்பாசி ஜெல்: ஒரு வருடத்துக்கு மேல் பூசிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கரும்புள்ளி மறையவில்லை, கண்ணோரச் சுருக்கமும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு இவ்வளவு லேசான மாய்ஸ்சரைசர் எனக்கு வேறு அமையவில்லை. எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடப்பதற்குள் வியர்த்துக் கொட்டும், அலுவலகத்துக்குள் நுழைந்தால் ஏர்கான் முகத்தைக் காயவைத்துவிடும், இரண்டையும் சமாளிக்க எண்ணெய்ப்பசையான க்ரீம் சரிப்படாது.

பழுப்புப் பாசியில் உள்ள ஆல்ஜினேட், ஃபியூகாய்டன், சிவப்புப் பாசியில் உள்ள காரஜீனன் எல்லாமே நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தோலின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். உள்ளே எளிதில் இறங்கும் அளவுக்குச் சின்ன மூலக்கூறுகள் இல்லை. அதனால் 'ஆழத்தில் ஊடுருவும்' என்று அட்டையில் பார்த்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். அதிகம் உள்ளதுதான் முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு உச்ச அளவே 1 சதவீதம் என்பதால், அதற்குப் பின்னால் வரும் எதுவும் அதைத் தாண்டாது. என் ஜெல்லில் தண்ணீருக்கு அடுத்தது ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின், பாசிச் சாறு ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால்! பாதி வேலையைக் கிளிசரின்தான் பார்த்திருக்கும். சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமான எச்எஸ்ஏவிடம் அறிவித்த பொருள் என்றாலும், பலன் உண்டு என்று அவர்கள் சான்று கொடுத்ததாக அர்த்தமில்லை.

நடுவில் ஒரு வாசனைக் க்ரீமும் வாங்கினேன், அதிலும் பாசிதான், கன்னம் சிவந்து அரித்தது, நிறுத்தியதும் அடங்கியது. குற்றவாளி பாசியா வாசனையா என்று ஆராயும் பொறுமை இல்லை. முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

அப்புறம், முகத்தில் பூசி இறுகியதும் ரப்பர் போல உரித்தெடுக்கும் பாசி மாஸ்க். ஆல்ஜினேட் பொடியில் தண்ணீர் கலந்ததும் அதிலுள்ள கால்சியம் உப்பு அதைச் சில நிமிடங்களில் இறுக்கிவிடும், பல் டாக்டர் அச்செடுப்பதும் இதே ஆல்ஜினேட்டில்தான். குளிர்ச்சி சுகமாக இருக்கும், மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள்ளேயே கெட்டியாகிவிடும். கிண்ணத்தில் இறுகியதும் உரித்துக் குப்பையில் போடுங்கள்.

என் மாமியாருக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம். அங்கே வளர்க்கும் காப்பாஃபைக்கஸ் என்ற சிவப்புப் பாசியிலிருந்துதான் காரஜீனன் எடுக்கிறார்கள். ஜெல்லின் விலையைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் கரையில காயப்போட்டுக் கிடக்கிறதுக்கா இத்தனை வெள்ளி குடுத்த?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஜெல் தீர்ந்தால் மறுபடி அதையே வாங்குவேன், ஆனால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போடும்போது மட்டும்.